43 பேர் இருக்காங்க, 14 பேர்தான் வர்றாங்க, கில்ட மூடிடவா?

கேள்வி: வணக்கம் தங்கச்சி. நான் சுங்கை சிப்புட்ல இருக்கேன், வயசு 47, செம்பனை மில்லுல ஷிப்ட் வேல. ஃபோர்ஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேம்ல 2017-ல ஒரு தமிழ் கில்டு, அதாவது சேர்ந்து விளையாடுற குழு, ஆரம்பிச்சேன். எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) நேரத்துல 78 பேர் இருந்தோம். இப்ப லிஸ்ட்ல 43, நெதம் வர்றது 14 பேர். ரெண்டு மாசமா 200 பேருக்கு மேல இன்வைட் அனுப்பிட்டேன், வந்தது 11 பேர், அதுல 9 பேர் ரெண்டே வாரத்துல போயிட்டாங்க. வராதவங்கள தூக்கிடலாமா? ஒரு பெரிய ஐரோப்பா கில்டு எங்க எல்லாரையும் வாங்கன்னு கூப்டுது, போயிடவா? ஆரம்பத்துல இருந்து கூடவே இருந்த ஒரு தம்பி ஒரு வார்த்த சொல்லாம டாப் கில்டுக்கு போயிட்டான், அத நெனச்சா நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தாலும் தூக்கம் வரல. வீட்டுக்காரி விட்டுத் தொலைங்கன்றா.

பதில்: அண்ணே, வணக்கம். கடிதத்தோட கில்டு சாட்டையும் படம் புடிச்சு அனுப்பிச்சீங்க பாருங்க, அதுக்கு முதல்ல நன்றி, ஏன்னா உங்க கேள்விக்கு முக்காவாசி பதில் அந்தப் படத்துலயே இருக்கு. மூணாவது படத்த திரும்ப ஒரு தடவ பாருங்க. சாயங்காலம் 6.40-க்கு ஒருத்தர் புதுசா வந்து "வணக்கம் எல்லாருக்கும், எனக்கு ஊரு பீடோர், சேத்துக்கிட்டதுக்கு நன்றி"ன்னு போட்டிருக்காரு. அடுத்த மெசேஜ் மறுநாள் மதியம் 1.15-க்கு வருது, அது நீங்க போட்டது, சண்ட மேப்புல எந்த செக்டர (பகுதிய) அடிக்கணும் எத தொடக்கூடாதுன்னு. நடுவுல பதினெட்டு மணி நேரத்துக்கு மேல அந்த மனுஷனோட வணக்கம் தனியா நிக்குது. பத்தாவது நாள் அவரு போயிட்டாரு. அந்த 9 பேர்ல அவரும் ஒருத்தர்.

இத உங்க தப்புன்னு சொல்ல வரல. நீங்க ஷிப்ட்ல இருந்திருப்பீங்க. மத்த பதிமூணு பேரும் தலைவர் சொல்லுவாருல்லன்னு விட்டிருப்பாங்க, கல்யாண வீட்டுல வாசல்ல நிக்கிற ஆளு ஒருத்தர் இருந்தா மத்தவங்க யாரும் வாங்கன்னு கூப்புட மாட்டாங்க பாருங்க, அந்த மாதிரி. ஆனா வந்தவருக்கு இதெல்லாம் தெரியாது. இங்க நம்மள யாருக்கும் தேவையில்ல போலன்னுதான் அவருக்குப் படும்.

கேம் தெரியாத வாசகருங்களுக்கு ஒரு நிமிஷம். இது ஜெர்மனி ஹாம்பர்க்ல இருக்கற இன்னோகேம்ஸ் கம்பெனி 2012-ல விட்ட நகரம் கட்டுற விளையாட்டு. கல் காலத்துல குடிசையில ஆரம்பிச்சு செவ்வாய் கிரகத்தையும் தாண்டிப் போகும். முன்னேறறதுக்குச் செலவு பண்ற புள்ளிக்கு ஃபோர்ஜ் பாயிண்ட், சுருக்கமா எஃப்பின்னு பேரு, ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுதான் தானா ஊறும், அதுனால ஒரே நாள்ல உக்காந்து முடிக்கிற கேம் கெடையாது, வருஷக்கணக்கா போகும். ஒரு கில்டுல அதிகபட்சம் 80 பேர். வாராவாரம் கில்டு எக்ஸ்பெடிஷன்னு ஒண்ணு வரும், அத ஜிஇன்னு சொல்லுவோம், அதுல அவங்கவங்க தனியா அவங்கவங்க நேரத்துல முன்னேறுறது கில்டுக்குச் சேரும். இன்னொண்ணு கில்டு பேட்டில்கிரவுண்ட்ஸ், ஜிபிஜி, 11 நாள் சண்டை, 3 நாள் ஓய்வு, ஒரே மேப்புல எட்டு கில்டு வரைக்கும் மோதும்.

இப்ப ஒரு விஷயம், உங்க மனசுல இருக்கற பாரம் கொஞ்சம் எறங்கட்டும்னு சொல்றேன். 78-ல இருந்து 43-க்கு எறங்குனது நீங்க சரியா நடத்தாததுனால மட்டும் இல்ல. 2020 மார்ச் 18-ல எம்சிஓ போட்டாங்க, எல்லாரும் வீட்டுக்குள்ள, அப்ப சேர்ந்தவங்கள்ல பாதி பேருக்கு கேம் புடிச்சதவிட பேச ஆள் கெடைச்சதுதான் பெருசு. வேல திறந்தோன போயிட்டாங்க, அது இயற்கை. அந்த வருஷக் கடைசியில அடோப் ஃப்ளாஷ நிறுத்துனாங்க, பழைய கம்ப்யூட்டர் வச்சிருந்தவங்க சில பேருக்கு பிரௌசர்ல விளையாடுறது கஷ்டமாயி அப்படியே விட்டுட்டாங்க. அப்புறம் கில்டுக்கும் கில்டுக்கும் நேரடிச் சண்டையா இருந்த ஜிவிஜியவே எடுத்துட்டாங்க, அதுக்காகவே இருந்த பழைய ஆளுங்க கெளம்பிட்டாங்க. பத்து வருஷம் தாண்டுன எந்த கேமுக்கும் இது வரும். 78 திரும்பி வராது அண்ணே. வரணும்னு எதிர்பார்த்து ராத்திரி முழிச்சிருக்காதீங்க.

ஆனா 14 பேர் 10 ஆகாம தடுக்க முடியும், 20 ஆக்கவும் முடியும், அத நான் நம்புறேன்.

நான் சைபர்ஜெயாவுல கேம் கம்பெனியில விளையாட்டுக்காரங்கள பாத்துக்கற வேலயில பல வருஷமா இருக்கேன். முன்னாடி இருந்த எடத்துல எங்க கேம்ல ஆள் கொறைஞ்சுக்கிட்டே வந்தப்ப மேலிடத்துல இருந்து ஒரே பல்லவிதான், விளம்பரம் போடு, ஆள் கொண்டு வா. போட்டோம், வந்தாங்க, வாளியில தண்ணி ஊத்துற மாதிரி ஊத்துனோம், அடியில ஓட்ட. நான் ஒரு வாரம் உக்காந்து புதுசா வந்தவங்களோட சாட்ட மட்டும் படிச்சேன். முதல் நாள் யாராவது பேர் சொல்லிக் கூப்புட்டு ரெண்டு வார்த்த பேசுன ஆளுங்க நின்னாங்க, பேசாத ஆளுங்க மாயமா மறைஞ்சாங்க. பரிசு எவ்வளவு கொடுத்தோம்ன்றது அவ்வளவு பெருசா தெரியல. அதுல இருந்து எந்த கில்டு தலைவர் ஆள் பத்தலன்னு வந்தாலும் நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான்: வந்தவங்கள யாரு கூப்புட்டாங்க?

நீங்க தோட்டத்துப் பக்கம் வளந்தவரு, பெரட்டுன்னா, அதான் காலையில பேர் கூப்புட்டு ஆள் எடுக்கறது, உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. எங்க தாத்தா பெரட்டுக்கு விடியங்காத்தால இருட்டுல போவாரு, மண்டோர் ஒவ்வொரு பேரா கூப்புடுவாரு, பேருக்குப் பதில் வரலன்னா சம்பளம் வெட்டு, அதுல கொடுமையும் இருந்துச்சு, மறைக்கல. ஆனா அதே எடத்துல இன்னொண்ணும் நடக்கும்னு பாட்டி சொல்லுவாங்க. ரெண்டு நாளா ஒரு பேருக்குப் பதில் இல்லன்னா பக்கத்து லயத்துல இருந்து யாராவது கதவத் தட்டிருவாங்க, காய்ச்சலா, புள்ளைக்கு முடியலையா, புருஷன் பொண்டாட்டி சண்டையான்னு. சம்பள வெட்ட விட்டுருங்க, கதவத் தட்டுறத மட்டும் எடுத்துக்குங்க. உங்க கில்டுல இப்ப வேண்டியது அதுதான்.

எப்படின்னா, 14 பேர்ல மூணு பேருக்கு இன்வைட்டர் உரிமையும் மாடரேட்டர் உரிமையும் கொடுத்துருங்க. கேம்லயே இருக்கு, நிறுவனரும் தலைவரும் மட்டும்தான் எல்லாம் செய்யணும்னு இல்ல. ஒருத்தர் காலையில, ஒருத்தர் சாயங்காலம், ஒருத்தர் ராத்திரி. இவங்க வேல ஒண்ணே ஒண்ணு, புதுசா யாரு வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள பேர் போட்டு பதில் வணக்கம் சொல்லணும், எந்த ஊரு, எந்த யுகத்துல இருக்கீங்க, பசியாறிட்டீங்களான்னு கேக்கணும். செக்டர் பத்தி முதல் நாள் ஒரு வார்த்த பேசக் கூடாது. கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா உங்க சாட்டுல ஆறு படத்துல எண்ணிப் பாத்தேன், 31 மெசேஜ்ல 27 உத்தரவு.

இன்னொண்ணு, 14 பேருக்கு ஏத்த ஆட்டத்த ஆடுங்க. எங்க எஸ்டேட்ல ஒரு காலத்துல ரெண்டு ஃபுட்பால் டீம் இருந்துச்சு. பால்மரம் போயி செம்பனை வந்து ஆளுங்க தாமானுக்கு எறங்குன பெறகு பதினொரு பேர் சேர்க்கவே முடியல, சாயங்காலம் திடல்ல ஏழு எட்டு பேர் நின்னு யாராவது வருவாங்களான்னு ரோட்டையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் யாரோ ஒருத்தர் நெட்டக் கட்டி செப்பாக் தாக்ராவ் ஆரம்பிச்சாரு, ஒரு பக்கத்துக்கு மூணு பேர் போதும். திடல் திரும்ப சத்தமாச்சு. ஆளு அதே ஏழு எட்டுதான்.

உங்க கில்டு இன்னும் பதினொரு பேருக்குக் காத்துக்கிட்டு நிக்கிற ஃபுட்பால் டீம் அண்ணே. ஜிபிஜியோட உச்சி வரிசையான டைமண்ட் லீக்ல 80 பேரு நெறைஞ்ச கில்டுங்களோட மோதுனா உங்க ஆளுங்க சண்ட போட்டுச் சண்ட போட்டு அட்ரிஷன் (சண்ட கூடக் கூட எதிரி பலமாகுறது) ஏறி சோர்ந்து, புடிச்ச செக்டர் நாலு மணி நேர பூட்டு கழண்டதும் பறி போயி, மறுநாள் நீங்க சாட்டுல சத்தம் போட்டு, இதுல யாருக்கு என்ன சந்தோஷம்? பிளாட்டினத்துக்கு எறங்குனா மானம் போகாது. கோல்டுக்கு எறங்குனாலும்தான். அங்க உங்க 14 பேர் மேப்புல நாலு செக்டர் புடிச்சு வச்சிருக்க முடியும், அப்ப ஆளுக்கு ஆள் சாட்டுல பேசுவாங்க. சண்ட வராத ஆளுங்க பேரம் பேசட்டும், படை இல்லாட்டியும் சரக்கு வச்சு முன்னேறலாம், சண்டைக்கு ஒரு முன்னேற்றம்னா பேரத்துக்கு ரெண்டு சேருது, உங்க கில்டுல இருக்கற அக்காமாரு ரெண்டு மூணு பேருக்கு அது பொருத்தமா இருக்கும்னு அவங்க பேசுறதப் பாத்தா தோணுது.

ஜிஇ-ய முன்னாடி வைங்க. அது சின்ன கில்டுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒரு கட்டத்துக்கு 16 சவால், நாலு கட்டத்துக்கு 64, அதுக்கு மேல அஞ்சாவது கட்டமும் இருக்கு. ஷிப்ட் வேல பாக்கறவரு செவ்வாய் மதியத்துக்கு மேல திறந்து அடுத்த திங்கக்கெழமைக்குள்ள எப்ப வேணா முடிக்கலாம், யாரும் யாருக்காகவும் ராத்திரி முழிக்க வேண்டியதில்ல. கில்டு கருவூலத்துல சரக்கு இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. மேல் கட்டத்த திறக்கறதுக்கு சரக்கு கேக்கும், ஆள் கொறைஞ்ச கில்டு முதல்ல அங்கதான் சிக்கும். சரக்கு இல்லாம கட்டம் பூட்டியே கெடந்தா மிச்சம் இருக்கறவங்களும் கெளம்புவாங்க, அவங்க போனா சரக்கு இன்னும் கொறையும், அப்படியே சுத்திக்கிட்டே கீழ போகும். அப்சர்வேட்டரியும் ஆர்க்கும் கருவூலத்துக்கு நெதம் சரக்கு போடுற கட்டடம், உங்க 14 பேர்ல எத்தன பேர்கிட்ட எந்த லெவல்ல இருக்குன்னு இந்த வாரமே ஒரு லிஸ்ட் எடுங்க. கிராணி மாதிரி கணக்குப் பாக்கற ஆள் ஒருத்தர் எல்லா கில்டுலயும் இருப்பாரு, அவர்கிட்ட கொடுங்க, சந்தோஷமா செய்வாரு.

இப்ப தூக்கறது பத்தி. 29 பேர் வரல. எடம் 80, உங்ககிட்ட இருக்கறது 43, காலியா 37 எடம் கெடக்கு. யாருக்கு எடம் பத்தலன்னு தூக்கறீங்க?

நான் இதுல கொஞ்சம் கடுமையா பேசுறேன்னா காரணம் இருக்கு. நானும் ஒரு கில்டுல நாலு வருஷம் இருந்தேன். அப்பா தவறுனப்ப போன தொடவே இல்ல. கருமாதி முடிஞ்சு ஒரு ராத்திரி எல்லாரும் படுத்த பெறகு, மனசு எதுலயாவது போகட்டும்னு கேம திறந்தேன். கில்டு இல்ல. தூக்கிட்டாங்க, 20 நாள் வரலன்னு. ஒரு மெசேஜ் கூட இல்ல, எங்க போனேன்னு ஒருத்தரும் கேக்கல. நாலு வருஷம் நெதம் பேசுனவங்க. அன்னிக்கு மூடுனவ அந்த நகரத்த இன்னி வரைக்கும் திறக்கல. அவங்க ரூல்படி செஞ்சாங்க, தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா எனக்கு வலிச்சது உண்ம. அதனால உங்க 29 பேருக்கும் தனித்தனியா எழுதுங்க. கூட்டமா ஒரே மெசேஜ் வேணாம். அவர் பேர், அவரு கடைசியா கட்டுன கட்டடம், இல்ல அவரு சாட்டுல சொன்ன ஏதாவது ஒண்ணு, மகன் எஸ்பிஎம் எழுதப் போறான்னு சொன்னாருன்னா அத. நல்லா இருக்கீங்களா, கேம் வராட்டியும் பரவால்லன்னு. 29-ஐயும் நீங்களே எழுத வேணாம், 14 பேரும் ஆளுக்கு ரெண்டு எடுத்துக்கிட்டா முடிஞ்சுது, மிச்சம் ஒண்ணுதான் உங்களுக்குக் கூட.

பதில் வந்து, இனிமே விளையாட மாட்டேன்னு சொன்னவங்கள நன்றி சொல்லி எடுத்துருங்க. பதிலே வராதவங்களுக்கு ஒரு தேதி சொல்லி, அது தாண்டுனா எடுங்க, எடுக்கறப்ப எப்ப வேணா திரும்பி வாங்கன்னு ஒரு வரி. ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருந்து மட்டும் யாரையும் எடுக்காதீங்க. தோட்டம் காலியானாலும் மாரியம்மன் திருவிழாவுக்கு கோலாலம்பூர், ஜோகூர், சிங்கப்பூர்னு எங்கெங்க இருந்தோ காடி போட்டு வந்துர்றாங்கல்ல? அதே மாதிரி கேம்லயும் ஆளுங்க திரும்புற சீசன் உண்டு, கோடை ஈவன்ட், ஹாலோவீன், குளிர்கால ஈவன்ட் வர்றப்ப பழைய ஆளுங்க எட்டிப் பாப்பாங்க. அப்ப டாவர்ன்ல, கேம்ல ஃப்ரெண்டுங்க வந்து உக்கார்ற விடுதியில, நீங்க உக்காந்திருந்தா அவங்க கண்ணுல படும். ஒரு பழைய ஆள் திரும்பி வர்றது அஞ்சு புது ஆளுக்குச் சமம், என் அனுபவத்துல.

ஆள் சேர்க்கறதுக்கு வர்றேன். நீங்க அனுப்புன இன்வைட்ட படிச்சேன். "ஆக்டிவ் கில்டு, தினமும் வரணும், ஜிபிஜி கட்டாயம், ஜிஇ கட்டாயம், வராட்டி நீக்கப்படுவீர்கள்." நெசமா சொல்லுங்க அண்ணே, பாசார் மாலாம்ல ஒரு கடக்காரர் இப்படிக் கத்துனா நீங்க நிப்பீங்களா? இந்த மெசேஜ 200 பேருக்கு ஒரே மாதிரி அனுப்புறதவிட பத்து பேரோட நகரத்துக்குள்ள போயி பாத்து எழுதுங்க. அண்டை லிஸ்ட்ல கில்டு இல்லாதவங்க இருப்பாங்க, நெதம் பாலிஷ், மோட்டிவேட்னு அடுத்தவங்க நகரத்துக்கு உதவி பண்ணிட்டுப் போறவங்க இருப்பாங்க, டாவர்ன்ல தவறாம வந்து உக்கார்றவங்க இருப்பாங்க, அவங்கதான் உங்க ஆளுங்க. அண்டை லிஸ்ட் மாறிக்கிட்டே இருக்கும், அதுனால நாளைக்குன்னு தள்ளாதீங்க.

உங்க ஊர்க்காரர் துன் சம்பந்தன நெனச்சுப் பாருங்க. தோட்டங்கள துண்டு துண்டா வித்துக்கிட்டு இருந்த காலத்துல, 1960-ல தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சாரு, தோட்டத் தொழிலாளிங்க கொஞ்சம் கொஞ்சமா பங்குப் பணம் கட்டி தோட்டத்த அவங்களே வாங்கறதுக்கு. அவரு சுங்கை சிப்புட் எம்பியா இருந்தவரு, மந்திரி, ஆனாலும் தோட்டந்தோட்டமா நேர்ல போயி ஆளுங்ககிட்ட பேசித்தான் உறுப்பினர் சேத்தாரு. இதுல ஒவ்வொருத்தரும் இவ்வளவு கட்டுனா உங்களுக்கு இது கெடைக்கும்னு கண்ணுல தெரியற மாதிரி ஒண்ண காட்டுனாரு. பெரிய காரியத்தோட இத ஒப்பிடறேன்னு நெனைக்காதீங்க, ஆள் சேர்க்கற வேலைக்குன்னு பாத்தா எனக்கு அதவிட நல்ல பாடம் தெரியல.

உங்ககிட்ட காட்டறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. ரெண்டு இருக்கு. முதல்ல ஆர்க். அடுத்தவங்க பெரிய கட்டடத்துக்கு எஃப்பி போடுறவங்கள்ல முதல் அஞ்சு பேருக்குப் பரிசு உண்டு, ஆர்க் லெவல் 80 இருந்தா அந்தப் பரிசு 90 சதவீதம் கூடும், அதனாலதான் எல்லாரும் ஒன் பாயிண்ட் நைன்னு பேசுறது, பரிச 1.9 மடங்கு கணக்குப் பண்ணிப் போட்டாலும் போடுறவருக்கு நட்டமில்ல, கட்டடக்காரருக்கும் நெறைய மிச்சம். புது ஆளுக்கு ஆர்க் கட்டுறதே பெரும்பாடு, ஒன்பது புளூபிரிண்ட் சேரணும், சரக்கு எதிர்கால யுகத்து சரக்கு, இரும்பு யுகத்துல நிக்கிறவரு அத எங்க போயி தேடுவாரு? உங்க கில்டுல மேல போன ஆறு ஏழு பேரு மார்க்கெட்ல மாத்திக் கொடுத்தா ஆச்சு. "வாங்க, உங்க ஆர்க்க நாங்க எல்லாரும் சேர்ந்து தூக்கி விடுறோம்"னு ஒரு வரி எழுதுங்க. அந்த ஒரு வரி உங்க பழைய இன்வைட் மொத்தத்தையும்விட வேல செய்யும், ஆனா எழுதுனா செய்யணும், வந்தவர் கட்டடத்துக்கு முதல் வாரத்துலயே எஃப்பி விழணும்.

ரெண்டாவது, உங்க நேரம். ஜெர்மனிக்கும் நமக்கும் ஆறு ஏழு மணி நேர வித்தியாசம். அங்க விடியங்காத்தால 3 மணி, எல்லாரும் தூங்கறாங்க, இங்க காலை 9, 10. அங்க ராத்திரி 11-க்கு புடிச்ச செக்டர் அப்பதான் திறக்குது. வீட்டு வேல முடிச்ச அக்காமாரு, நைட் ஷிப்ட் முடிச்சவங்க, ஓய்வு பெற்ற வாத்தியாருங்க, இவங்கதான் அந்த நேரத்துல போன கையில வச்சிருக்கறவங்க. தாமான்ல இருக்கற பசங்கள இழுக்கப் பாக்காதீங்க, அவங்க மொபைல் லெஜெண்ட்ஸ் பக்கம் போயாச்சு, இந்த மெதுவான கேமுக்கு வர மாட்டாங்க. 35-க்கு மேல, அஞ்சு நிமிஷம் கெடைச்சா திறந்து பாக்கற ஆளு, தமிழ்ல பேசறதுக்கு எடம் தேடுற ஆளு, அப்படித் தேடுங்க.

அந்த தம்பி போனதும் இதுல சேர்ந்ததுதான். ரிச்சர்ட் பார்ட்டில்னு ஒரு ஆய்வாளர் 1996-லயே ஆன்லைன் கேம் ஆடுறவங்கள நாலு வகையா பிரிச்சாரு, சாதிக்க வர்றவங்க, சுத்திப் பாக்க வர்றவங்க, பழக வர்றவங்க, அடிச்சு ஜெயிக்க வர்றவங்க. யாரும் முழுசா ஒரே வகை கெடையாது, ஆனா உங்க கடிதத்துல அவரப் பத்தி எழுதுன வரிங்கள பாத்தா, எப்பவும் ரேங்க் பாப்பான், யாரு முன்னாடி போனாலும் தாங்க மாட்டான்னு, அவரு சாதிக்க வந்த ஆளு. 14 பேர் இருக்கற எடத்துல அவருக்கு மூச்சு முட்டியிருக்கும். சொல்லாம போனது வருத்தம்தான், அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். சொன்னா நீங்க மனசு ஒடஞ்சிருவீங்கன்னு பயந்தும் போயிருக்கலாம்.

பெரிய கில்டு கூப்புடுது, போயிடவான்னா, இப்ப வேணாம்ன்றது என் கருத்து. போனா என்ன கூட வரும், என்ன வராதுன்னு தெரிஞ்சுக்குங்க. உங்க நகரம், பெரிய கட்டடம், ஃப்ரெண்டுங்க எல்லாம் அவங்கவங்களோட வரும். கருவூலத்துல ஏழு வருஷத்துக்கு மேல சேர்த்த சரக்கும், கில்டு லெவலும், அதுனால கெடைக்கற சலுகையும் வராது, அது கில்டோடயே நின்னுரும். அதவிட, அங்க சாட் இங்கிலீஷ்ல ஓடும். உங்க 14 பேர்ல எத்தன பேர் அங்க பசியாறிட்டீங்களான்னு கேக்க முடியும்? சும்மா எண்ணிக்கைக்காக 14 பேர் போயி 80-க்குள்ள கரைஞ்சா மூணு மாசத்துல பாதி பேர் கேமையே விட்டுருவாங்க, நான் இத பல தடவ பாத்திருக்கேன்.

மூணு ஜிபிஜி சீசன் பொறுங்க. 11 நாளும் ஓய்வு மூணு நாளும் சேர்த்து ஒரு சீசன் ரெண்டு வாரம், மொத்தம் ஆறு வாரம். அதுக்குள்ள நான் சொன்னதெல்லாம் செஞ்சும் எட்டு பேருக்குக் கீழ எறங்குனா அப்ப போங்க, ஆனா தனித்தனியா சிதறாம எல்லாரும் சேர்ந்து, சீசன் முடிஞ்ச ஓய்வு நாள்ல, தமிழ்ல பேச தனி மெசேஜ் குரூப் வச்சுக்கலாம்னு அந்தத் தலைவர்கிட்ட முதல்லயே கேட்டு வாங்கிக்கிட்டு. அதுக்கு ஒத்துக்காத கில்டு உங்களுக்கு வேணாம்.

வீட்டுக்காரி சொல்றது உங்களுக்கு விட்டுடுங்கன்னு கேக்குது, ஆனா எனக்கு அது தூங்குங்கன்னுதான் கேக்குது. நைட் ஷிப்ட் வாரத்துல நீங்க தலைவர் இல்ல, அந்த வாரம் மத்த மூணு பேர்தான். சாட்ல வெளிப்படையா எழுதிருங்க, இந்த வாரம் நான் நைட் ஷிப்ட், காலையில தூங்கப் போறேன்னு. மத்தவங்களும் அப்பதான் அவங்க கஷ்டத்த சொல்லுவாங்க.

செவ்வாய்க்கெழம ஜிஇ திறக்கறதுக்கு முன்னாடி கில்டுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. உங்களுக்கு எழுத வரலன்னா இத அப்படியே போடலாம், உங்க வாய்மொழிக்கு மாத்திக்குங்க: "எல்லாருக்கும் வணக்கம். இனிமே ஜிபிஜி யாருக்கும் கட்டாயம் இல்ல, முடிஞ்சவங்க வாங்க. டைமண்ட் போனா போகட்டும். ஜிஇ முடிஞ்ச வரைக்கும் போங்க. புது ஆளுங்கள பாத்துக்க மூணு பேர் வேணும், யாருக்கு எந்த நேரம் தோதுன்னு சொல்லுங்க. இது வரைக்கும் நான் உத்தரவு மட்டும் போட்டுக்கிட்டு இருந்தேன், அதுக்கு மன்னிச்சுக்குங்க. சரி, எல்லாரும் பசியாறியாச்சா?"

அத போட்டுட்டு, பீடோர்க்காரருக்கும் தனியா ஒரு வணக்கம் எழுதிருங்க. அவரு பேர் உங்க படத்துல இருக்கு, தேடுனா கெடைப்பாரு. ஆறு வாரம் கழிச்சு எனக்கு சாட்ட திரும்ப படம் புடிச்சு அனுப்புங்க அண்ணே, காத்துக்கிட்டு இருப்பேன்.